நித்தியகல்யாணி இலைக்குள் ஒரு நொதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில், ரோஸ்ஹில் பக்கத்தில் வசிக்கிறேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்துவிட்டு, இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் தங்கை மகனுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. அவனுக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்றின் பெயர் வின்கிறிஸ்டின். அது நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது என்று தெரிந்ததும் உறவினர் அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "செடி நம் வாசலிலேயே நிற்கிறதே, இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் போதாதா?" போதாது என்று சொல்வது எளிது. ஏன் போதாது என்று புரியவைக்க, அந்த இலைக்குள் வேலை செய்யும் ஒரு நொதியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அன்று முதல் வகுப்பிலும், கோயில் வாசலிலும், காவடிக்குப் பூக்கட்டும் இடத்திலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நீங்கள் சொல்வது எந்தச் செடி? எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதானா?

பெரும்பாலும் அதுதான். ஐந்து இதழ், இளஞ்சிவப்பு அல்லது வெள்ளைப் பூ, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, பளபளக்கும் இலை, இலை நடுவே வெளிறிய நரம்பு. வறண்ட மணலிலும் சுவர் வெடிப்பிலும் வளரும், ஆண்டு முழுவதும் பூக்கும். தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். நம் தீவில் கிரியோல் பேசுகிறவர்கள் சபோனேர் என்பார்கள். ரீயூனியனில் ரோஸ் அமேர், அதாவது கசப்பு ரோஜா. மூன்று பெயர்களில் ரீயூனியன்காரர்கள் வைத்ததே எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. இதன் கதை முழுவதும் அந்தக் கசப்பில்தான் இருக்கிறது. செடியின் தாயகம் நமக்கு மேற்கே உள்ள மடகாஸ்கர்.

நொதி என்றால் என்ன, டீச்சர்?

உயிரினங்களில் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும் வேலையை விரைவுபடுத்தும் புரதம். தான் தீராமல் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைப்பது ஒரு நொதி. சோற்றை வெகுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான்.

சரி, இந்தச் செடியின் நொதி என்ன செய்கிறது?

அதன் பெயர் ஸ்டிரிக்டோசிடின் சின்தேஸ். இரண்டு பொருட்களை ஒன்றாக இணைப்பது மட்டுமே அதன் வேலை. ஒன்று டிரிப்டமின். புரதங்களில் இருக்கும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருவது, நைட்ரஜன் கொண்டது. மற்றொன்று செகோலோகனின். சர்க்கரை ஒட்டிய ஒரு டெர்பீன். எலுமிச்சைப் புல்லுக்கு மணம் தரும் பொருட்களின் தூரத்து உறவு. பிறந்த வழியிலும் குணத்திலும் இரண்டுக்கும் ஒட்டுறவே கிடையாது. நொதி அவற்றைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு தண்ணீர் மூலக்கூற்றை வெளியேற்றி, முடிச்சுப் போட்டுவிடுகிறது. அப்படிப் பிறப்பது ஸ்டிரிக்டோசிடின்.

அந்த ஒற்றை முடிச்சிலிருந்து இயற்கையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கிளைக்கின்றன. ஆல்கலாய்டு என்பது செடிகள் உண்டாக்கும், நைட்ரஜன் கொண்ட, பெரும்பாலும் கசக்கும் பொருள். தமிழ்ப் பாடநூல்களில் காரப்போலி என்றும் எழுதுவார்கள். நித்தியகல்யாணி ஒன்றில் மட்டும் சுமார் 130 வகை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. இந்த நொதி இல்லாவிட்டால் அவற்றில் ஒன்றும் இல்லை.

இரண்டையும் ஒரு குழாயில் போட்டுக் கலக்கினால் தானாகவே சேராதா? அதற்கு நொதி எதற்கு?

பதினாறு வயது மாணவி ஒருத்தி கேட்டது. இத்தனை நாளில் எனக்கு வந்த மிக நல்ல கேள்வி இதுதான்.

சேரும். அமிலம் கலந்த நீரில் வைத்தால் மெதுவாகச் சேரும். ஆனால் இரண்டு விதமாகச் சேரும். இடது கையும் வலது கையும் ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றின் உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது அல்லவா? முடிச்சு விழும் அந்த ஓர் இடத்தில் அணுக்கள் திரும்பி நிற்கும் திசை மாறி, ஸ்டிரிக்டோசிடினும் வின்கோசைடு என்ற அதன் சோடியும் கலந்தே உண்டாகும். நொதியோ ஸ்டிரிக்டோசிடினை மட்டும் உண்டாக்கும். தவறியும் மற்றதைச் செய்யாது.

இந்தச் சோடியால் ஆராய்ச்சியாளர்களே ஏமாந்திருக்கிறார்கள். செடி தன் ஆல்கலாய்டுகளுக்கு வின்கோசைடைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது என்று சில ஆண்டுகள் நம்பினார்கள். 1977-இல் ஜெர்மனியில் ஸ்டோக்கிட், செங்க் இருவரும் அதைத் திருத்தினார்கள்: செடி பயன்படுத்துவது ஸ்டிரிக்டோசிடினை மட்டுமே. கையில் இருப்பது இடமா வலமா என்று பார்க்கத் தவறினால் கதை முழுவதும் மாறிவிடுகிறது.

ஸ்டிரிக்டோசிடின் என்ற வாயில் நுழையாத பெயர் எங்கிருந்து வந்தது?

ராசியா ஸ்டிரிக்டா என்ற பாலைநிலச் செடியிலிருந்து. 1968-இல் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது அதில்தான். அதுவும் நித்தியகல்யாணியின் குடும்பமே.

நொதியைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியாது. ஆனால் அதன் வடிவம் தெரியும். இந்த நொதிக்கான மரபணுவை முதலில் தனியே எடுத்தது 1988-இல், நம் சித்த மருத்துவர்களுக்கும் பழக்கமான சர்ப்பகந்திச் செடியிலிருந்து. அதே சர்ப்பகந்தி நொதியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் செலுத்தி, அணு அணுவாக அதன் அமைப்பை வெளியிட்டது 2006-இல். முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, ஆறு இறகு கொண்ட காற்றாடிபோல மடிந்திருக்கிறது. திருவிழாவில் பிள்ளைகள் கையில் பிடித்து ஓடும் ஓலைக் காற்றாடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு குழி. டிரிப்டமின் குழியின் ஆழத்தில் போய் அமர்கிறது. செகோலோகனின் வாயருகே நிற்கிறது. இருவரும் இருக்கும் கோணம்தான் திசையை முடிவுசெய்கிறது. காற்றாடி சுழல்வதில்லை, வடிவம் மட்டுமே அப்படி.

இலையில் எந்த இடத்தில் இது நடக்கிறது?

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் கொதிக்கவைத்தால் ஏன் மருந்தாகாது என்பதற்கான பாதி விடை இங்கே இருக்கிறது.

ஒரு நித்தியகல்யாணி இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நரம்புகள் தெரியும். செகோலோகனினுக்கான வேலை அந்த நரம்புகளை ஒட்டிய உட்புறச் செல்களில் தொடங்குகிறது. பல நொதிகள் கைமாற்றி, பாதி செய்த பொருளை இலையின் மேல்தோலுக்கு அனுப்புகின்றன. மேல்தோல் என்பது ஒரே ஓர் அடுக்குச் செல். நம் நொதி குடியிருப்பது அங்கேதான். மேல்தோல் செல் ஒவ்வொன்றின் நடுவிலும் தண்ணீர் நிறைந்த பெரிய பை உண்டு, அதை நுண்குமிழி என்கிறோம். அதற்குள்தான் முடிச்சு விழுகிறது. பிறகு ஸ்டிரிக்டோசிடின் பையைவிட்டு வெளியே வந்து பலவாக மாறுகிறது. அதில் ஒரு கிளை கேதரான்தின். இன்னொரு கிளை மேல்தோலிலிருந்து மீண்டும் இலையின் உள்ளே போய், பால் சுரக்கும் குழாய்ச் செல்களிலும் இடியோபிளாஸ்ட் என்ற தனிவகைச் செல்களிலும் வின்டோலின் ஆகிறது.

வின்கிறிஸ்டினின் நெருங்கிய உறவான வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து உருவாக இந்த வின்டோலினும் கேதரான்தினும் சேர வேண்டும். ஆனால் இலை அவற்றைப் பெரும்பாலும் சேரவிடுவதில்லை, அதனால் இலையில் மருந்து மிகக் கொஞ்சமே இருக்கிறது. 2010-இல் கனடாவில் ஓர் ஆய்வுக் குழு இலையைக் குளோரோஃபார்மில் சிறிது நேரம் முக்கி எடுத்தது. கேதரான்தின் இலைமேல் இருக்கும் மெழுகோடு கரைந்து வந்தது, வின்டோலின் உள்ளேயே தங்கிவிட்டது. 2023-இல் இலையைத் தனித்தனிச் செல்லாகப் பிரித்து அளந்தவர்கள், இடியோபிளாஸ்ட் செல்களில் இரண்டும் இருப்பதையும் கண்டார்கள். ஆக, படம் இன்னும் வரையப்பட்டுக்கொண்டே இருக்கிறது. முடிந்துபோன பாடம் என்று இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இவ்வளவு நஞ்சை வைத்துக்கொண்டு செடி எப்படி உயிரோடு இருக்கிறது?

நெருப்புக் குச்சியையும் பெட்டியையும் வேறு வேறு அறையில் வைத்திருக்கிறது. ஸ்டிரிக்டோசிடின் இருப்பது செல்லின் நுண்குமிழியில். அதன் சர்க்கரையை வெட்டி, கடுமையாக வினைபுரியும் பொருளாக்கும் இன்னொரு நொதி இருப்பது செல்லின் உட்கருவில். புழு கடித்துச் செல் கிழிந்தால் இரண்டும் கலக்கின்றன. சர்க்கரை கழன்ற துண்டுகள் புரதங்களோடு ஒட்டி, அவற்றைச் செரிக்க முடியாதபடி கட்டிவிடுகின்றன. கடித்த புழுவுக்கு அது பெரும் தண்டனை.

எங்கள் வீட்டு வேலியருகே ஆடு கட்டியிருந்த காலத்தில் புல், செம்பருத்தி, வாழைக்கன்று எதையும் விட்டுவைக்காது. நித்தியகல்யாணியை மட்டும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

புற்றுநோய்க்கு இது மருந்து என்று யார் கண்டுபிடித்தார்கள்?

வேறொன்றைத் தேடியவர்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையின் கஷாயம் குடித்தார்கள். 1952-இல் அங்கிருந்து கொஞ்சம் இலை கனடாவுக்கு, ராபர்ட் நோபிள் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளரிடம் வந்தது. எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசிவழி செலுத்தினார்கள், எலிகள் தொற்றுநோய் கண்டு இறந்தன. பார்த்தால் அவற்றின் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. அங்கேதான் திருப்பம். வெள்ளையணு கட்டுமீறிப் பெருகும் நோயில் இதைப் பயன்படுத்தலாமே என்று யோசித்தார்கள். நோபிளும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து 1958-இல் அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் எலை லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவும் இதே செடியில் உழைத்துக்கொண்டிருந்தார். 1963-இல் வின்கிறிஸ்டின் அங்கே மருந்தாக அனுமதி பெற்றது.

அதற்கு முன் குழந்தைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் ஏறத்தாழ எல்லோரையும் இழந்துகொண்டிருந்தார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். வின்கிறிஸ்டின் தனியாகச் சாதித்தது இல்லை, பல மருந்துகள் சேர்ந்து செய்த வேலை. ஆனால் அந்தச் சேர்க்கையில் அன்றிலிருந்து இன்றுவரை அது இருக்கிறது.

அப்படியானால் இலையையே கொடுத்தால் என்ன? ஊசி எதற்கு?

இனி கணக்குப் பார்ப்போம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டினுக்கு அதைப்போல நான்கு மடங்கு, இரண்டு டன் வரை. எங்கள் பையனுக்கு ஒரு தடவைக்குக் கொடுத்தது ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. பெரியவர்களுக்கே வழக்கமாக இரண்டு மில்லிகிராமைத் தாண்டமாட்டார்கள். ஒரு தடவை மருந்துக்கே இரண்டு கிலோவுக்கு மேல் உலர்ந்த இலை என்றால், வாசலில் நிற்கும் செடி எம்மாத்திரம்? அதோடு அந்த இலையில் வின்கிறிஸ்டினைவிடப் பன்மடங்கு அளவில் வேறு நூறு ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. கஷாயத்தில் இறங்குவது அவைதான். எது எவ்வளவு இறங்கியது என்று அடுப்படியில் யாராலும் சொல்ல முடியாது.

அந்த மருந்தை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். தண்ணீர்போல நிறமே இல்லாதது. செவிலியர் இருவர் பையனின் பெயரையும் அளவையும் ஒருவருக்கொருவர் உரக்கப் படித்துச் சரிபார்த்த பிறகே இணைத்தார்கள். ரத்தக்குழாயில் மட்டும்தான் செலுத்த வேண்டும், முதுகுத்தண்டில் தவறிச் செலுத்தினால் உயிர் போகும் என்பது அந்த எச்சரிக்கைக்குக் காரணம். சரியான அளவிலேயே அவனுக்கு விரல்நுனி மரத்துப்போனது, சில வாரங்கள் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, மலச்சிக்கலில் தவித்தான். அளவு தெரிந்து கொடுக்கும்போதே இப்படி.

என் அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் ஐந்து பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார். நிறுத்தச் சொல்லட்டுமா?

சொல்லுங்கள், இன்றைக்கே சொல்லுங்கள். நம் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் தீசான் கட்டு, அதாவது கஷாயத்துக்கான மூலிகைக் கட்டு, விற்கும் வரிசையைக் கடக்கும்போது ஒவ்வொரு நோய்க்கும் ஓர் இலை உண்டு என்றே தோன்றும். அந்த அறிவை நான் மதிக்கிறேன். என் பாட்டி கற்பூரவல்லித் தீசானில்தான் எங்கள் சளியைப் போக்கினார். ஆனால் நித்தியகல்யாணியின் கதை வேறு. இதன் ஆல்கலாய்டுகள் எலும்பு மச்சையில் புதிய ரத்த அணுக்கள் பிறப்பதைத் தடுக்கக்கூடியவை, நரம்பைத் தாக்கக்கூடியவை. கர்ப்பிணிகள் தொடவே கூடாத கஷாயம் இது. சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொள்கிறவர் இதையும் குடித்தால், எது எதனால் ஆனது என்று மருத்துவருக்கே புரியாமல் போகும்.

அம்மாவிடம் கோபமாகச் சொல்ல வேண்டாம். அவர் அறியாமையால் குடிக்கவில்லை, பிழைத்திருக்க வேண்டும் என்று குடிக்கிறார். மருத்துவரைப் பார்க்கும்போது எத்தனை நாளாகக் குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

செடியை வீட்டில் வைத்திருக்கலாமா, அத்தை? சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வைத்திருக்கலாம். பூவைப் பறித்துச் சாமிக்கு வைப்பதில் ஒரு தீங்கும் இல்லை. பிள்ளைகள் இலையையும் பூவையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பறித்த கையைக் கழுவச் சொல்லுங்கள்.

அரளியும் இதே குடும்பம்தானே? அதன் நஞ்சும் இந்த நொதியால்தானா?

குடும்பம் ஒன்று, நஞ்சு வேறு. அரளியில் இருப்பது இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடு, ஆல்கலாய்டு இல்லை. நம் நொதிக்கு அதில் பங்கில்லை. கோயில் நந்தியாவட்டையில்தான் இதே வழியில் பிறந்த ஆல்கலாய்டுகள் இருக்கின்றன.

வேறு எந்தச் செடிகளில் இந்த முடிச்சு விழுகிறது?

எட்டி பழுத்தால் என்ன, ஈயாதார் வாழ்ந்தால் என்ன என்போமே, அந்த எட்டியில் இருக்கிறது. எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்டிரிக்னினும் ஸ்டிரிக்டோசிடினிலிருந்து கிளைத்ததே. அது உருவாகும் வழி முழுவதையும் 2022-இல்தான் அவிழ்த்தார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துவந்த சர்ப்பகந்தியின் ரெசர்பினும் இந்த வழிதான்.

இன்னொன்று சொன்னால் நம் தீவின் பழைய காயம் ஒன்றைத் தொட வேண்டும். 1867-இல் மொரீஷியஸில் மலேரியா பரவி, முப்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைய மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒருவர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்த நம் முன்னோர் பலர் அதில் போனார்கள். வசதி உள்ளவர்கள் போர்ட் லூயிஸை விட்டு மேட்டுநிலமான கியூர்பிப்புக்கு ஏறினார்கள், அந்த நகரம் பெருத்ததே அப்படித்தான். அந்தக் காய்ச்சலுக்கு அன்று இருந்த உருப்படியான மருந்து சிங்கோனா மரப்பட்டையின் குயினைன். குயினைனின் மூலமும் ஸ்டிரிக்டோசிடின்தான். தென் அமெரிக்க மரமும் மடகாஸ்கர்ச் செடியும் நம் ஊர் எட்டியும் ஒரே முடிச்சிலிருந்து வேறு வேறு துணி நெய்கின்றன. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

இனி செடியே வேண்டாம், ஈஸ்ட்டில் மருந்து செய்துவிடலாம் என்கிறார்களே?

2022-இல் அப்படி ஒரு முயற்சி வெற்றி பெற்றது. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்குள், நம் நொதி உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட செடி மரபணுக்களை வைத்து, வின்டோலினையும் கேதரான்தினையும் சுரக்கச்செய்தார்கள். பிறகு ரசாயன முறையில் இரண்டையும் இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கினார்கள். கிடைத்த அளவு மிகக் குறைவு. ஆனாலும் மருந்துத் தட்டுப்பாடு வரும்போது சிகிச்சை நடுவில் நிற்கும் பிள்ளைகளை நினைத்தால், இது வளர வேண்டும் என்றே விரும்புகிறேன்.

ஒரு கவலையும் உண்டு. தமிழ்நாட்டில் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரி நிலத்தில் இந்தச் செடியைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் காயவைத்து விற்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். தொட்டியில் மருந்து விளையும் நாளில் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும்.

மடகாஸ்கருக்கு இதில் என்ன கிடைத்தது?

மருந்து விற்ற பணத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் செடியால் வரும் பயனில் அந்த நாட்டுக்கும் பங்கு வேண்டும் என்ற பேச்சில் இந்தச் செடியின் பெயர் எப்போதும் வரும். அந்தக் கொள்கையை ஏற்ற பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கை 1992-இல் பிறந்தது. அதை முதலில் உறுதிசெய்த நாடு நம் மொரீஷியஸ். இதைப் பிள்ளைகளிடம் பெருமையாகவே சொல்கிறேன்.

என் மகளுக்கு இதில் ஆர்வம் வந்துவிட்டது. வீட்டில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

முடியும். ஒரு புதிய இலையை எடுத்து, விரலில் மடித்து, மெதுவாகக் கிழிக்கச் சொல்லுங்கள். கிழிந்த ஓரத்தில் வெங்காயத் தோலைவிட மெல்லிய, நிறமற்ற ஒரு படலம் தொங்கும். இடுக்கியால் அதை இழுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பள்ளி நுண்ணோக்கியில் வைக்கட்டும். வளைந்து நெளிந்த சுவர்களோடு, ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய செல்கள் தெரியும். இடையிடையே இலைத்துளைகள் திறந்திருக்கும். அந்தப் படலம்தான் நம் நொதியின் வீடு.

எங்கள் பையனுக்கு இப்போது பதினைந்து வயது. போன மாதம் அவனே அந்தப் படலத்தை உரித்தான். மரத்துப்போயிருந்த அதே விரல்களால், கிழியாமல், நகத்தின் அளவுக்கு ஒரே துண்டாக எடுத்துத் தகட்டில் வைத்தான். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "பெரியம்மா, இவ்வளவுதானா இது?" என்று கேட்டான். பிறகு நான் சொல்லாமலே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.